மடக்க முடியாத கீல் உள்ள பாய்மரப் படகுக்கு எந்தச் சாய்தளம் பொருந்தும்?

டிரெய்லரில் கொண்டுபோகும் படகை இறக்க எப்படிப்பட்ட சாய்தளத்தைத் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சாய்தளத்தின் அகலத்தையும் அழகையும் விடுங்கள், ஆழத்தைப் பாருங்கள். கீல் என்பது படகின் அடியில் துருத்தி நிற்கும் கனமான தகடு. அது 1.2 மீட்டர் ஆழம் கேட்கிறது, டிரெய்லரில் தரையிலிருந்து 0.3 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கிறது என்றால், அந்த இடத்தில் 1.5 மீட்டர் தண்ணீர் வேண்டும். 8 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில், நீர்விளிம்பிலிருந்து 12 மீட்டர் உள்ளே கீல் போக வேண்டும். கார் நனையாமல் இது நடக்காது. ஆகவே டிரெய்லரின் இழுவைத் தண்டை நீட்டும் வசதியோ, காரிலிருந்து கழற்றிய டிரெய்லரைப் பிடித்தபடி மெல்ல நீருக்குள் இறக்க உறுதியான பட்டையோ தேவை.

சாய்தளத்தின் கான்கிரீட் தண்ணீருக்குள் எங்கே முடிகிறது என்பதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். விசைப்படகுகளின் சுழலி விளிம்பில் மண்ணை அரித்துக் குழி பறித்துவிடும். சக்கரம் அதில் இறங்கினால் அன்றைய பயணம் அவ்வளவுதான். கடலோரமானால், நீர் வற்றும் நேரத்தில் ஒருமுறை போய் முனையைக் கண்ணால் பாருங்கள். ஏரியானால் நீண்ட கழியால் குத்திப் பாருங்கள்.

பாய்மரத்தை நிறுத்துமுன் மேலே மின்கம்பி போகிறதா என்றும் நிமிர்ந்து பாருங்கள். சரிவு மிகத் தட்டையாக இருந்தால், கிரேன் உள்ள படகுத்துறைக்குப் பணம் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.