உபுண்டு கணினிக்குச் சர்க்யூட் மென்பொருள்: 4,500 ரூபாய் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி நெசவு செய்கிறேன். என் மகள் வேலூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் படிக்கிறாள். வேலூரில் ஒரு கடையில், விண்டோசுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் வகை இயங்குதளம் போட்ட கணினி வாங்கினோம். சர்க்யூட் வரைந்து சோதிக்க எல்டிஸ்பைஸ் வேண்டும் என்றதும், பென் டிரைவில் கொடுத்து 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். பில் இல்லை. வீட்டில் அது திறக்கவே இல்லை. இப்போது விண்டோஸ் போட இன்னும் 3,000 கேட்கிறார்கள். கொடுப்பதா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் கொடுத்த 4,500 ரூபாயையும் திருப்பிக் கேளுங்கள். எல்டிஸ்பைஸ் விலைக்கு விற்கும் பொருளே அல்ல. அதை வெளியிடும் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நிறுவிக் கொடுத்த உழைப்புக்கு ஒரு தொகை கேட்பது நியாயம்தான். உங்களுக்கோ நிறுவிக் கொடுக்கவும் இல்லை.

அது திறக்காததற்குக் காரணம் எளிது. எல்டிஸ்பைஸ் விண்டோசுக்கும் மேக்குக்கும்தான் வருகிறது. உபுண்டு அந்தக் கோப்பை நேரடியாக இயக்காது. நடுவில் வைன் என்ற இலவச மென்பொருள் வேண்டும். விண்டோஸ் நிரல் கேட்பதை லினக்சுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வது அதன் வேலை. பென் டிரைவில் இருப்பதை விட்டுவிடுங்கள், அதில் வேறென்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதோ. மகள் முதலில் வைனை நிறுவட்டும். பிறகு நிறுவனத்தின் தளத்திலிருந்தே எல்டிஸ்பைஸை இறக்கி, வைன் வழியாக நிறுவட்டும். முரண்டு பிடித்தால் பெரும்பாலும் வைன் பழைய பதிப்பாக இருக்கும். புதியதைப் போட்டுப் பார்க்கலாம். மைக்ரோ (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்பதற்கான µ குறி திரையில் சிதைந்து தெரிந்தால், அதை ஆங்கில யூ எழுத்தாக மாற்றும் வசதி எல்டிஸ்பைஸ் அமைப்புகளிலேயே இருக்கிறது.

சரியாக வேலை செய்கிறதா என்று அறிய ஒரு சின்னச் சோதனை: 5 வோல்ட் மூலம் ஒன்று, ஒரு கிலோ ஓம் மின்தடை இரண்டு தொடராக, கீழே கிரவுண்ட் குறி (பூஜ்ய வோல்ட் என்று வைத்துக்கொள்ளும் இடம்). இரண்டு மின்தடைக்கும் நடுவில் 2.5 வோல்ட் காட்ட வேண்டும். கிரவுண்டை மறந்தால் பிழைச் செய்திதான் வரும். மென்பொருள் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

வைனே வேண்டாம் என்றால் உபுண்டுவில் நேரடியாக ஓடும் என்ஜிஸ்பைஸ் (சர்க்யூட்டைச் சோதிப்பது), கிகேட் (சர்க்யூட் வரைவது) இரண்டும் இலவசம். இவற்றை இணைத்து கல்வியில் இலவச, திறந்த மூல மென்பொருளைப் பரப்பும் ஐ.ஐ.டி. பம்பாயின் ஃபாசி திட்டத்தினர் ஈசிம் என்ற மென்பொருளை உருவாக்கியிருக்கிறார்கள். நம் மாணவர்களை மனத்தில் வைத்துச் செய்தது, அதுவும் இலவசம். எல்டிஸ்பைஸ், என்ஜிஸ்பைஸ் போன்ற இந்தக் குடும்பத்துக்கெல்லாம் மூலமான ஸ்பைஸ் என்ற சர்க்யூட் சோதனை மென்பொருள், 1973இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதை எல்லோருக்கும் இலவசமாகவே கொடுக்க வேண்டும் என்பதில் பேராசிரியர் டொனால்டு பீடர்சன் உறுதியாக இருந்தார். அப்படிக் கொடுக்கப்பட்டதன் வழியில் வந்த ஒன்றுக்கு ஒரு நெசவாளர் 4,500 ரூபாய் அழுதிருக்கிறார் என்பதைப் படிக்கவே எனக்கு மனம் கொதிக்கிறது.

ஒன்றை மட்டும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: கல்லூரி ஆய்வகத்தில் எந்த மென்பொருள்? மல்டிசிம் போன்ற வேறு சர்க்யூட் மென்பொருள்களைக் கணினியில் நிறுவ விண்டோஸ்தான் வேண்டும். அப்படியானால் விண்டோஸ் வாங்குவது பற்றி யோசிக்கலாம், அதுவும் உரிமத்தோடும் பில்லோடும்.

இனி பணம். பில் தராததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லும் பணமும் கேட்டுக் கடைக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். கைபேசி வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவே சாட்சி. அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: ஆம்பூரில் பாலிடெக்னிக் படிக்கிறேன். என்ஜிஸ்பைஸில் 10 மெகா ஓம் மின்தடை போட்டால் மின்னோட்டம் கன்னாபின்னாவென்று வருகிறது. ரேம் போதவில்லை, மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. ரேம் குறைந்தால் கணக்கு மெதுவாகும், விடை மாறாது. நீங்கள் 10 என்று போட்டு ஆங்கில எம் எழுத்தை மட்டும் அடித்திருப்பீர்கள். ஸ்பைஸுக்குப் பெரிய எம்மும் சின்ன எம்மும் ஒன்றே. இரண்டுக்கும் பொருள் மில்லி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் மின்தடை 10 மில்லி ஓம் ஆகிவிட்டது. மெகாவுக்கு எம், இ, ஜி என்று மூன்று எழுத்தையும் அடித்துப் பாருங்கள்.