எழுதிய சிறுகதையை வெளியிடும் முன் இணையக் குழுவில் கொடுத்துக் கருத்து வாங்கலாமா? உண்மையிலேயே பயன் உண்டா?

கேட்டவர் கூடவே மூன்று சந்தேகங்களையும் எழுதியிருக்கிறார். வீட்டு வாட்ஸ்அப் குழுவில் கதையைப் போட்டால் எல்லோரும் சூப்பர் என்கிறார்கள், அதை நம்பலாமா? முகம் தெரியாதவர்களிடம் கொடுத்தால் சுட்டுவிட மாட்டார்களா? ஆளாளுக்கு ஒன்று சொல்லி என் நடையே காணாமல் போய்விடாதா?

பயன் உண்டு. ஆனால் குழுவில் இருப்பவர்கள் எவ்வளவு படித்தவர்கள், எவ்வளவு நல்லவர்கள் என்பதைவிட, அந்தக் குழுவுக்கு என்ன சட்டம் என்பதுதான் முக்கியம். சட்டம் இல்லாத இடத்தில் தேர்ந்த வாசகர்கூட 'அருமை தோழர், வாழ்த்துகள்' என்று ஒரு பூங்கொத்துப் படத்தோடு முடித்துக்கொள்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்கும் வேலை இருக்கிறது. நான் பகலில் கணக்கு எழுதுகிறவன், இரவில் சிறுகதை. ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என இரண்டு குழுக்களில் சில வருடங்களாக இருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

நம் பக்கத்துக் குழுக்களில் நடப்பது பெரும்பாலும் மொய். நீ என் கதைக்கு ஓர் அருமை எழுதினாய், உன் கதை வரும்போது நானும் ஓர் அருமை எழுதுகிறேன், கணக்கு நேர். இதில் வயதும் மரியாதையும் வேறு சேர்ந்துகொள்ளும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கதை போட்டால், அவரை 'ஐயா' என்று கூப்பிடுகிற பையன் எப்படி 'நாலாம் பக்கம் இழுக்கிறது' என்று சொல்வான்? சொல்ல மாட்டான். தனியாக என்னிடம் போன் போட்டுச் சொல்வான்.

மொய் முறையை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். நோட்டில் என்ன எழுத வேண்டும் என்பதை மட்டும் மாற்றினால் போதும். ஆங்கிலத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். 1995இல் தொடங்கிய கிரிட்டர்ஸ் என்ற குழு அறிவியல் புனைவு, மிகைப்புனைவு, திகில் கதைகளுக்கானது. அங்கே உங்கள் கதை வரிசையில் முன்னேற வேண்டுமானால், ஏறக்குறைய நான்கு வாரத்தில் மூன்று வாரமாவது நீங்கள் பிறர் கதைக்கு விமர்சனம் எழுதியிருக்க வேண்டும். 2003இலிருந்து இயங்கும் கிரிட்டிக் சர்க்கிளில் புள்ளிக் கணக்கு. பிறர் வரைவைப் படித்து விமர்சனம் எழுதினால் புள்ளி சேரும், சேர்த்த புள்ளியைச் செலவழித்துத்தான் நம் கதையை ஏற்ற முடியும். நீளமான கதையைப் படித்தால் கூடுதல் புள்ளி. 'நைஸ் ஸ்டோரி' என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டுப் புள்ளி வாங்க வழியில்லை.

இணையம் வருவதற்கு முன்பே இதற்கு ஒரு மரபு இருந்தது. 1956இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மில்ஃபர்டில் டேமன் நைட் முதலியோர் கூட்டிய எழுத்தாளர் சந்திப்பில், வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராகக் கதையைப் பற்றிப் பேசுவார்கள். எழுதியவர் கடைசி ஆள் பேசி முடிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது. பிறகுதான் அவருக்கு முறை. இந்த மௌன விதிதான் மொத்த ஏற்பாட்டின் உயிர் என்று எனக்குத் தோன்றும். 'நான் அங்கே என்ன சொல்ல வந்தேன்னா...' என்று எழுதியவர் ஆரம்பித்துவிட்டால் அன்றைய கூட்டம் காலி. வாசகர் வீட்டுக்குப் போய் நின்று விளக்கம் சொல்லவா போகிறோம்?

எங்கள் தமிழ்க் குழுவில் ஆறேழு பேர். ஒருவர் மாதப் பொறுப்பாளர். கதைகள் அவருக்கு மட்டும் போகும். எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு அவர் மற்றவர்களுக்கு அனுப்புவார். மரியாதைச் சிக்கலுக்கு இதுதான் மருந்து. (சில சுற்றுகள் போனதும் யாருடைய கதை என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிடுகிறது, அது வேறு விஷயம். தெரியாத மாதிரி நடிக்கிறோம், அதுவே போதுமானதாக இருக்கிறது.)

இன்னொரு ஏற்பாடு சின்னதுதான், ஆனால் பலன் பெரிது. கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பை எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். ஆளுக்கொரு நகல் எடுத்துக் கொடுங்கள். ஒரே கோப்பு என்றால் முதலில் வருபவர் எங்கே கோடு போடுகிறாரோ, அடுத்தவர் கண்ணும் அங்கேதான் போகும். 'மேலே சொன்னதை வழிமொழிகிறேன்' என்பார். தனி நகலில் நான்கு பேர் தனித்தனியாக அதே பத்தியில் தடுக்கி விழுந்தால், அந்தப் பத்தியில் கல் இருக்கிறது என்று நம்பலாம். அனுமதியும் 'கமெண்டர்' அளவிலேயே இருக்கட்டும். 'எடிட்டர்' கொடுத்தால் சிலர் ஆர்வக் கோளாறில் வாக்கியத்தையே திருத்தி எழுதிவிடுவார்கள்.

'கதை எப்படி இருக்கிறது?' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு 'நல்லா இருக்கு' என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. நாங்கள் கேட்பது இப்படி: படிக்கும்போது எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்க்கத் தோன்றியது? எந்த வரியைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது? கடைசியில் என்ன நடந்தது, இரண்டு வரியில் சொல்லுங்கள். இந்த மூன்றாவது கேள்விதான் ஆளைக் கவிழ்க்கும். நுட்பமாக முடித்திருக்கிறோம் என்று எழுதியவர் நினைத்திருப்பார். ஒருவர் 'அந்தப் பெண் ஊரை விட்டுப் போய்விட்டாள்' என்பார், இன்னொருவர் 'அவள் இறந்துவிட்டாள் இல்லையா?' என்று கேட்பார்.

ஒரு நல்ல கருத்து எப்படி இருக்கும் என்று காட்ட ஓர் உதாரணம். குழுவில் ஒரு தம்பி, சென்னையில் ஐடி வேலை, விசைத்தறித் தொழிலாளி ஒருவரைப் பற்றிக் கதை எழுதியிருந்தான். பள்ளிபாளையம் பக்கத்துப் பட்டறை. கணவன் தறி ஓட்டிக்கொண்டிருக்கிறான். மனைவி வந்து, முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு ஏறி நிற்கிறது என்பதை 'மெல்லிய குரலில், பக்கத்துத் தறிக்காரர் காதில் விழாதபடி' சொல்கிறாள். எங்களில் பலருக்கு அந்த வரி பிடித்திருந்தது. ஒருவர் பக்கத்தில் இதயமே போட்டிருந்தார்.

குமாரபாளையத்து அக்கா ஒருவர், கதை எழுதுவதைவிடப் படிப்பதில்தான் ஆர்வம் உள்ளவர், ஓரத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'தறி ஓடறப்ப பட்டறைக்குள்ள யாருங்க கிசுகிசுன்னு பேசறது? காதுல வாய வெச்சுக் கத்தோணும். இல்லீனா கைச்சாடைதான். கரண்ட் போனாத்தான் அடுத்தவங்க பேச்சே காதுல விழும்.'

அவ்வளவுதான். 'தவறு' என்ற சொல் இல்லை, 'இப்படி மாற்றுங்கள்' என்ற உத்தரவும் இல்லை. அந்த இடம் எப்படி இயங்குகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். திருத்திய வரைவில் தம்பி என்ன செய்திருந்தான் தெரியுமா? மனைவி கணவன் காதருகே குனிந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறாள். தறியில் நாடா அடிக்கிற சத்தத்தில் ஒன்றும் வெளியே கேட்காது என்ற தைரியம். தொகையைச் சொல்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போகிறது. அத்தனை தறியும் நின்றுபோன பட்டறையில் அந்தத் தொகை மட்டும் கணீரென்று விழுகிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். முதல் வரைவில் கடனைப் பற்றி ஒரு தகவல் இருந்தது. இப்போது அவமானம் இருக்கிறது. இதை அந்த அக்காவும் யோசித்திருக்கவில்லை, தம்பியும் தனியாக உட்கார்ந்திருந்தால் யோசித்திருக்க மாட்டான்.

வீட்டுக் குழுவின் 'சூப்பர்' பற்றிய கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. உங்களைப் பார்த்துச் சொல்கிறார்கள், கதையைப் பார்த்துச் சொல்லவில்லை. வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், சோர்ந்துபோன நாட்களில் உதவும்.

பிறர் வரைவைப் படிப்பது வெறும் கடமை என்றுதான் நானும் நினைத்துச் சேர்ந்தேன். உண்மையில் அதிகம் கற்றுக்கொடுப்பது அதுதான். அச்சில் வந்த நல்ல கதையில் சாரம் கட்டிய தடயம் இருக்காது. பாதி வெந்த வரைவில் எல்லாம் வெளியே தெரியும். நாயகன் தூங்கி எழுந்து பல் தேய்க்கும் வரை கதை தொடங்காமல் இருப்பது, கண்ணாடி முன்னால் நிறுத்தி அவன் முகத்தை வர்ணிப்பது, உரையாடலில் இருவரும் தங்களுக்கே தெரிந்த விஷயத்தை வாசகருக்காக ஒப்பிப்பது, கடைசிப் பத்தியில் நீதி சொல்வது. அடுத்தவர் கதையில் இதையெல்லாம் கண்டுபிடித்து, மனம் நோகாதபடி எழுதத் தெரிந்துகொண்ட பிறகு, நம் கதையில் அது வரும்போது கை தானாகவே நிற்கும்.

நடை போய்விடுமா என்ற பயம் நியாயமானது. போகும், விட்டால். குழுக்களுக்கு ஒரு குணம் உண்டு: எது உறுத்துகிறதோ அதை வெட்டச் சொல்லும், உறுத்துவதற்காகவே வைத்ததையும் சேர்த்து. வட்டார வழக்கில் உரையாடல் எழுதினால் 'எல்லோருக்கும் புரிகிற மாதிரி மாற்றலாமே' என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். நான் அந்த வகைக் கருத்துக்கு நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். வாசகர் எங்கே சலித்தார், எங்கே குழம்பினார் என்பதில் அவர் சொல்வதே தீர்ப்பு. அதை எப்படிச் சரிசெய்வது என்பதில் அவருடைய யோசனை வெறும் யோசனைதான். எல்லோரும் சொன்னதையும் ஏற்றுத் திருத்திய கதை ஒன்று எங்களிடம் வந்தது. எந்தக் குறையும் இல்லை, மறுநாள் எதுவும் நினைவிலும் இல்லை.

நாவலுக்கு இந்த முறை அவ்வளவாக ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரம் ஓர் அத்தியாயம் படிக்கிறவருக்கு முந்தைய அத்தியாயம் மறந்திருக்கும். மெதுவாக ஏறுகிற கதை அவருக்கு நகராத கதையாகத் தெரியும். நாவல் என்றால் முழுதாக எழுதி முடித்து, முழுதாகப் படிக்கிற இரண்டு பேரைப் பிடியுங்கள். தொடராக எழுதி, வாசகர் விடாமல் வருகிறாரா என்று பார்க்க ஆசை என்றால் பிரதிலிபி மாதிரி தளங்கள் இருக்கின்றன. 'அடுத்த பாகம் எப்போ?' என்ற கேள்வியும் ஒரு விமர்சனம்தான். ஆனால் அது வரைவுக்கான இடம் இல்லை.

திருட்டுக்கு வருவோம். இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவுடனேயே கதையின் உரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்று இல்லை. ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது செல்லும். கோப்பின் பதிப்பு வரலாறும் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலும் தேதியோடு இருக்கும். கருவுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது, 'கரண்ட் போகும்போது ரகசியம் வெளியாகிறது' என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அப்படி ஒருவர் எழுதினாலும் அது வேறு கதையாகத்தான் வரும்.

திருட்டைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்று. பல போட்டிகளும் பத்திரிகைகளும் 'இதுவரை அச்சிலோ இணையத்திலோ வெளிவராத படைப்பு' என்று உறுதிமொழி கேட்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஃபேஸ்புக் பக்கத்தில் வரைவைப் போட்டுக் கருத்துக் கேட்டிருந்தால், அது வெளிவந்த கதையாகிவிட்டது என்று அவர்கள் சொல்லலாம். உறுப்பினர் மட்டுமே திறக்கக்கூடிய மூடிய இடமாக இருப்பது இதற்காகத்தான் முக்கியம்.

சமீபத்தில் நாங்கள் சேர்த்த விதி ஒன்று: கதையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து வாங்கிய விமர்சனத்தை உங்கள் விமர்சனமாக அனுப்பக் கூடாது. எழுதியவர் தன் கதையைத் தானே அதனிடம் கேட்டுக்கொள்ளட்டும், அது அவர் பாடு. அதற்கு எந்த வரியில் சலிப்பு வந்து போனை எடுக்கப் போகிறது?

தொடங்குவதற்கு நான்கு பேர் போதும். நான்கும் ஒரே ஊர், ஒரே வேலை, ஒரே எழுத்தாளரின் ரசிகர்கள் என்று இருக்க வேண்டாம். ஒருவராவது கதை எழுதாமல் படிக்க மட்டும் செய்கிறவராக இருக்கட்டும். மாதம் ஒரு கதை, 2,000 சொல்லுக்குள், கெடு தேதி ஒன்று. விமர்சனம் அனுப்பாதவர் கதை அடுத்த சுற்றில் வராது, இதில் மட்டும் தயவுதாட்சண்யம் கூடாது. முதல் சுற்றுக்குப் புதுக் கதையைக் கொண்டுவராதீர்கள். எங்காவது வெளிவந்து முடிந்த பழைய கதையைக் கொடுங்கள். அதைத் திட்டினால் வலி குறைவு, திட்டுகிறவருக்கும் கை பழகும்.