மறு: பிபி நார்மல் ஆனதும் மாத்திரைய நிறுத்திடுறார், என்ன பண்றது?
உங்க பேஷண்ட் பிபி 130/80 வந்ததும் மாத்திரைய நிறுத்திட்டு அடுத்த விசிட்ல மேல் நம்பர் 170 காட்டுறார்னு சொன்னீங்கல்ல, இது ரொம்ப காமன்ங்க. குணமாயிடுச்சுன்னு நினைச்சுக்கிறாங்க, மாத்திரையாலதான் அந்த நம்பரே வந்துச்சுன்னு புரிய வைக்கணும். திட்டாதீங்க, அப்புறம் போடாமலே போட்டேன்னு சொல்லுவார். ஏன் நிறுத்தினார்னு மெதுவா கேளுங்க, அம்லோடிபைன்ங்கிற பிபி மாத்திரைன்னா கால் வீங்கியிருக்கலாம், அதுக்கு டாக்டர்தான் டோஸ குறைக்கணும் இல்ல வேற எழுதணும், நீங்களா மாத்த வேணாம்.

அந்த 170ஐயும் அப்படியே எழுதிடாதீங்க, 5 நிமிஷம் சாய்ஞ்சு உக்கார வச்சு, கை நெஞ்சு உயரத்துல, பேச்சே கூடாது (இதுதான் கஷ்டம்!), ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவ பாருங்க. ஆனா நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுறது, ஒரு பக்கம் கை கால் விழுறதுன்னா நம்பர் என்னவா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க.