தீர்மானம் வேறு, சட்டம் வேறு: மில்லுக்கு அனுமதி மறுத்தால் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: வலிகாமத்தில் வீட்டு வளவுக்குள் கொட்டில் போட்டு 11 வருடமாகத் தூள், மா அரைக்கும் மில் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் பிரதேச சபையில் வியாபார அனுமதிப்பத்திரம் எடுத்துத்தான் வந்தேன். இந்த முறை புதுப்பிக்கப் போனபோது, "குடியிருப்பு ஒழுங்கைகளில் மில் வேண்டாம் என்று சபையில் தீர்மானம் எடுத்தாச்சு" என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு வேறொருவர், 25,000 ரூபா அபிவிருத்திக் கட்டணம் கட்டினால் யோசிக்கலாம் என்றார். எங்களுடையதிலும் பெரிய மில் ஒன்று பக்கத்து ஒழுங்கையில் அனுமதியோடு ஓடுகிறது. தொழில் செய்வது அடிப்படை உரிமை என்று அரசியலமைப்பே சொல்கிறதாமே. அப்படியென்றால் சபை என்னை மறிக்கலாமா? வழக்கென்றால் கொழும்புக்குத்தான் போக வேண்டுமா?

பதில்:

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது, மறுத்ததற்கு உங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை என்பது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உரிமை.

1978 அரசியலமைப்பில் 14(1)(ஜி) என்று நம்மவர்கள் சொல்லும் உறுப்புரைதான் உங்களுக்குரியது. சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிலையும், வியாபாரத்தையும், முயற்சியையும் தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ செய்யும் சுதந்திரம் ஒவ்வொரு பிரசைக்கும் உண்டு என்கிறது அது. இதைப் படித்துவிட்டு நேரே சபைக்குப் போய்ச் சண்டை பிடிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் அடுத்த உறுப்புரையைப் படிப்பதில்லை. 15(5) இந்தச் சுதந்திரத்துக்கு வேலி போடுகிறது: தேசிய பொருளாதாரத்தின் நலனுக்காகவும், தொழிலுக்கு வேண்டிய தகைமைகள், அனுமதிப்பத்திரம் ஆகியவை தொடர்பிலும் கட்டுப்பாடு விதிக்கலாம். அரசு ஒரு வியாபாரத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கவும் இதிலேயே இடமுண்டு. 15(7) பொதுச் சுகாதாரம், பொது ஒழுங்கு, மற்றவர்களின் உரிமை என்று வேலியை இன்னும் நீட்டுகிறது. ஆகவே மில்லுக்கு அனுமதி எடு என்று கேட்பதில் தவறே இல்லை. தூள் பறக்கிறது, மோட்டார் சத்தம் பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்புகிறது என்றால் நிபந்தனை போடலாம், மறுக்கவும் செய்யலாம்.

ஆனால் இரண்டு உறுப்புரைகளிலும் ஒரு சொற்றொடர் வருகிறது: இந்தக் கட்டுப்பாடுகள் "சட்டத்தால் விதிக்கப்பட்டவையாக" இருக்க வேண்டும். உங்கள் பலம் முழுக்க அதில்தான். சட்டம் என்றால் என்ன என்பதற்கு 170ஆம் உறுப்புரையில் வரைவிலக்கணமே இருக்கிறது: பாராளுமன்றம் இயற்றிய சட்டம், அல்லது 1978க்கு முன் சட்டமன்றங்கள் இயற்றி இன்னும் நடைமுறையில் உள்ளவை. சுற்றறிக்கை அதில் இல்லை. சபைத் தீர்மானமும் இல்லை. பிரதேச சபைக்கு அதிகாரம் தருவது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதன்படி தொழில்களைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் சபை உபவிதி (துணைச் சட்டம்) ஆக்க வேண்டும், அது அங்கீகாரம் பெற வேண்டும், வர்த்தமானியில் வெளிவர வேண்டும். மாதிரி உபவிதிகளை ஏற்றுக்கொண்டாலும் வர்த்தமானி இல்லாமல் ஆகாது. கூட்ட அறிக்கையில் எழுதி வைத்த "மில் வேண்டாம்" என்ற வரி, இந்தப் படிகளைத் தாண்டும் வரை ஒரு விருப்பம் மட்டும்தான்.

தீர்மானத்தின் திகதியையும் கேளுங்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது, 2025 மே தேர்தலுக்குப் பிறகுதான் உறுப்பினர்கள் திரும்பி வந்தார்கள். இடையில் வரும் திகதியென்றால், எடுத்தவர் யார், எந்த அதிகாரத்தில் எடுத்தார் என்பது தனிக் கேள்வி.

இப்படி "யார், எந்த அதிகாரத்தில்" என்று கேட்பதைச் சின்ன விடயம் என்று நினைக்க வேண்டாம். 2000 மே மாதத்தில் அவசரகால விதிகளின் கீழ் இங்கே உதயன் பத்திரிகைக்கும் கொழும்பில் சண்டே லீடர் பத்திரிகைக்கும் சீல் வைத்தது வயது வந்தவர்களுக்கு நினைவிருக்கும். சண்டே லீடர் உயர் நீதிமன்றம் போனது. தகவுடைய அதிகாரி (செய்தித் தணிக்கைக்குப் பொறுப்பானவர்) என்று உத்தரவு போட்டவர் முறைப்படி நியமிக்கப்படவேயில்லை என்று நீதிமன்றம் கண்டது. போர்க்காலத்திலேயே கேட்கப்பட்ட கேள்வியை உங்கள் மில்லுக்காகக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

25,000 ரூபா விடயம் இன்னும் நேரானது. பாராளுமன்றச் சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த உள்ளூராட்சி சபையும் வரியோ வேறு அறவீடோ விதிக்க முடியாது என்று 148ஆம் உறுப்புரை சொல்கிறது. அனுமதிக் கட்டணம் எவ்வளவு போகலாம் என்பதற்கு, இடத்தின் ஆண்டுப் பெறுமதியைப் பார்த்துச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. "அபிவிருத்திக் கட்டணம்" எந்தப் பிரிவில் வருகிறது என்று கேளுங்கள். பிரிவைக் காட்டாவிட்டால் கட்டாதீர்கள். பற்றுச்சீட்டு தராமல் கேட்டால் அது வேறு கதை, அதற்கு இலஞ்ச ஆணைக்குழு இருக்கிறது.

பக்கத்து ஒழுங்கை மில்லைப் பற்றி நீங்கள் மகிழ்ச்சிப்படும் பதில் என்னிடம் இல்லை. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது 12(1). "அவருக்குக் கொடுத்தீர்கள், எனக்கு ஏன் இல்லை?" என்பதுதான் வாசகர்கள் எனக்கு அதிகம் எழுதும் வாதம். ஆனால் சர்வானந்தா பிரதம நீதியரசராக இருந்த காலத்திலேயே, ஒரு கம்பனி கொண்டுவந்த வரி வழக்கில் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சமத்துவம் உரிமையில்தான், தவறில் அல்ல. அந்தப் பெரிய மில்லுக்குக் களவாக அனுமதி போயிருந்தால், அதே களவை உங்களுக்கும் செய்யச் சொல்லி நீதிமன்றம் கட்டளையிடாது. இருவருமே நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவர்கள், அப்படியிருந்தும் உங்களை மட்டும் ஒதுக்கினார்கள் என்று காட்ட முடிந்தால்தான் 12(1) உங்களுக்கு உதவும். 11 வருடம் தொடர்ந்து புதுப்பித்த பத்திரங்கள், திடீரென்று நிறுத்துவதற்கு முன் உங்களைக் கேட்டிருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு நல்ல சான்று. பழையவற்றைத் தேடி எடுத்து ஒன்றாகக் கட்டி வையுங்கள்.

அயலவர் பக்கத்தையும் பாருங்கள். சுன்னாகத்தில் மின் நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா கொடுக்கும்படி கம்பனிக்குக் கட்டளையிட்ட நீதிமன்றம், கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்கள் தங்கள் கடமையைச் செய்யாததையும் கண்டித்தது. கட்டுப்படுத்தாமல் விட்டாலும் அரசு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதால், அதிகாரிகள் கொஞ்சம் பயந்து நடப்பதில் நியாயம் இருக்கிறது. நம் மண்ணில் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குவது எல்லோர் கிணற்றுக்கும் போகும். உங்களிடம் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது அது. சிறிய தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சார்பில் சபையே கொடுக்கும். அது காலாவதியாகியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மேலே சொன்ன எல்லா வாதமும் அந்த ஒரு ஓட்டையால் ஒழுகிப்போகும்.

இன்னொன்று. தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்த்துவிட்டு, "அந்தச் சட்டமே செல்லாது என்று வழக்குப் போடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே முடியும். இங்கே 80(3) குறுக்கே நிற்கிறது: சபாநாயகர் சான்றுரை இட்ட பிறகு, ஒரு சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதா என்று எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது. சட்டமூலமாக இருக்கும்போது மட்டுமே கேட்கலாம். சொத்துரிமையும் நம் அடிப்படை உரிமைப் பட்டியலில் இல்லை. 2011இல் பெல்வத்தை, செவனகல சீனித் தொழிற்சாலைகள் உள்ளிட்ட 37 நிறுவனங்களையும் சொத்துகளையும் 43ஆம் இலக்கச் சட்டம் அரசுக்கு எடுத்துக்கொண்டபோது, உரிமையாளர்கள் கண்ட சுவர் இதுதான். ஆகவே இந்த நாட்டில் சிறு வியாபாரி பொருதக்கூடியது சட்டத்தோடு அல்ல, அதை வைத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் இருப்பவர் எடுத்த முடிவோடு.

கொழும்புக்குப் போக வேண்டுமா? அடிப்படை உரிமை மனு என்றால் ஆம், 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்தில் மட்டும். (தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் என்பது வேறு, இங்கே அதுதான் நாட்டின் உச்சம்.) காலம் ஒரு மாதம். உங்களை வாயால் திருப்பி அனுப்பிய நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதாடும், அதனால் நாட்களைக் கணக்கிடுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி கணக்கில் சேராது. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, விசாரணை உண்மையில் தொடங்கியிருக்க வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது யாழ்ப்பாண மாகாண மேல் நீதிமன்றம். உள்ளூராட்சி மாகாணப் பட்டியலில் இருப்பதால், சபையின் முடிவை நீக்கவோ முடிவெடுக்கும்படி பணிக்கவோ 154P உறுப்புரையின் கீழ் அங்கேயே எழுத்தாணை (ரிட்) கேட்கலாம். செலவு குறைவு, சட்டத்தரணியும் பக்கத்தில். தாமதித்தால் அதையும் உங்களுக்கு எதிராகப் பார்ப்பார்கள்.

இதற்கெல்லாம் முதல் படி கடதாசி. செயலாளருக்குக் கடிதம் எழுதுங்கள்: இன்ன திகதியில் விண்ணப்பித்தேன், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ், எந்தக் காரணத்துக்காக மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தாருங்கள். அதோடு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தீர்மானத்தின் பிரதி, உபவிதி வந்த வர்த்தமானியின் இலக்கம், இந்த வருடம் அனுமதி பெற்ற மில்களின் பட்டியல் ஆகியவற்றைத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். பதில் வரும்வரை அனுமதி இல்லாமல் மில்லை ஓட்டினால் நீதவான் நீதிமன்றத்தில் நிற்க நேரலாம். ஓட்டத்தான் வேண்டும் என்றால் ஒரு சட்டத்தரணியைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் போடுங்கள். துண்டில் திகதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று தபால் கந்தோரை விட்டு வெளிக்கிட முன்னமே பாருங்கள்.