மலைச்சரிவில் மரச்சீனி: மண் கரைவதைத் தடுக்கச் சுவர் கட்டலாமா?

கேள்வி: குமரி மாவட்டம் கடையாலுமூடு பக்கம் மலைச்சரிவில் எங்களுக்கு 70 சென்ட் விளை இருக்கிறது. மேல்பகுதியில் மரச்சீனியும் (மரவள்ளி) கீழே ஏத்தன் வாழையும் போடுகிறோம். எங்கள் பிழைப்பே இதுதான். ஆண்டுதோறும் மழையில் மண் கரைந்து ஓடி, மேல்பகுதியில் இப்போது சரளை தெரிகிறது, கிழங்கும் சிறுத்துவிட்டது. கடன் வாங்கியாவது கீழ் எல்லையில் சிமெண்ட் சுவர் கட்டலாம் என்கிறார் என் கணவர். வேறு வழி உண்டா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடன் வாங்கிச் சுவர் கட்ட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழ் எல்லையில் எழுப்பும் சுவர் அங்கே வந்து சேர்ந்த மண்ணைத் தேக்குமே தவிர, மேல்பகுதி தேய்ந்து போவதைத் தடுக்காது. நீர் கசிந்து வெளியேறத் துளை விடாத சுவராக இருந்தால், பின்னால் ஊறித் தங்கும் மழைநீரின் பாரம் தாங்காமல் அது சாய்ந்து கீழ்விளைக்காரருக்கும் சேதம் வரலாம். நீர் வேகம் பிடிக்கும் இடம் மேலே இருப்பதால், வேலையும் மேலிருந்தே தொடங்க வேண்டும்.

மரச்சீனியைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சித்திரையிலும் வைகாசியிலும் நட்ட கம்பு தழைத்து நிலத்தை மூட ஏறத்தாழ 3 மாதம் பிடிக்கிறது, கொத்திக் கிளறிய அந்த வெறும் மண்ணின் மேல்தான் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை இறங்குகிறது. அடுத்த பெருமழை ஓய்ந்ததும் ஒரு மரச்சீனி மூட்டின் அருகே குனிந்து பாருங்கள். சிறு கற்கள் சுண்டுவிரல் உயர மண்தூண்களின் மேல் நிற்பதைக் காணலாம். கல் மறைத்த இடத்தில் மண் தங்கியிருக்கிறது, மறைக்காத இடத்தில் போய்விட்டது. உங்கள் 70 சென்டில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால்கூட அது ஏறத்தாழ மூன்றரை டன். நீங்கள் காசு கொடுத்துப் போட்ட சாணமும் உரமும் அதோடுதான் போகின்றன.

ஆகவே முதல் வேலை, மேலிருந்து கீழாகச் செல்லும் பார்களை (நடவுக்கான மண்மேட்டு வரிசைகளை) விட்டுவிட்டுச் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் பார் பிடிப்பதாகும். கண் மட்டத்தை நம்ப வேண்டாம். ஆறடி நீளமுள்ள இரண்டு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிடுங்கள். சட்டத்தை ஓரிடத்தில் நிறுத்திக் கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறித்து, ஒரு கால் நின்ற இடத்தில் மறு கால் வருமாறு திருப்பி வைத்து மறுபடி குறித்தால், இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். கயிறு அந்தப் புள்ளியில் நிற்குமாறு சட்டத்தைக் கால் மாற்றி மாற்றி நகர்த்தி, கால் பதியும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குச்சி ஊன்றிக்கொண்டே போனால் மட்டக்கோடு கிடைத்துவிடும். இருவர் சேர்ந்தால் அரை நாளில் முடியும் வேலை இது, செலவு ஏதுமில்லை.

அந்தக் கோடுகளில், சரிவு ஓர் ஆள் உயரம் இறங்கும் இடந்தோறும் ஒரு வரிசை என்ற கணக்கில், வெட்டிவேர்த் தூர்களை 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நடுங்கள். அதன் வேர் பக்கவாட்டில் படர்ந்து பயிரின் உரத்தைப் பறிக்காமல் நேராக ஆழத்தில் இறங்குகிறது. ஓரிரு ஆண்டில் தூர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலியாகி, ஓடிவரும் மண்ணை மேற்புறத்தில் நிறுத்திக்கொள்வதால் நாளடைவில் தானாகவே படிபோலத் தட்டு உருவாகும். வேருக்கு விலை கிடைக்கிறதே என்று சரிவில் அதைத் தோண்டிவிடாதீர்கள். தோண்டினால் கட்டிய மண் முழுவதும் இளகிவிடும். மரநிழலில் வெட்டிவேர் தேறாது; அங்கே கோட்டோடு இரட்டை வரிசையாக அன்னாசி வைத்தால் மண்ணும் நிற்கும், கைக்காசும் வரும். மாடோ ஆடோ இருந்தால் ஒரு வரிசையில் கினியா புல் நடலாம்.

கொத்தும்போது கிடைக்கும் கல்லை வீணாக்காமல், நீர் அதிகம் அரிக்கும் இடங்களில் கல்லை அடுக்கிக் கய்யாலை (கல்சுவர்) கட்டுங்கள். அடிக்கல் ஓர் அடியாவது கெட்டி மண்ணில் புதைந்து, சுவர் மலைப்பக்கம் சற்றே சாய்ந்து, மூன்றடி உயரத்துக்கு மிகாமல் இருக்கட்டும். சிமெண்ட் பூச வேண்டாம். கல் இடுக்கு வழியே நீர் கசிந்து போவதுதான் கய்யாலையின் பலம்.

மரச்சீனி நட்டவுடன் இடையில் பெரும்பயறு விதைத்தால் மண் விரைவில் மூடப்படும், வீட்டுக்குப் பயறும் கிடைக்கும். சவறை (காய்ந்த இலைதழைகளை) கூட்டி எரிக்காமல் மூடுகளைச் சுற்றிப் பரப்புங்கள். களைக்கொல்லி அடித்து நிலத்தை மொட்டையாக்குவது சரிவில் பெரிய தவறு என்பதே என் உறுதியான கருத்து. களையை அரிவாளால் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டால் போதும். எல்லையோரம் சீமைக்கொன்னைக் கம்பு ஊன்றினால் தழையுரமும் கிடைக்கும், பின்னர் நல்லமிளகுக் கொடியும் ஏற்றலாம்.

மேல்விளை நீர் உங்கள் நிலத்துக்குள் இறங்கினால், உச்சியில் மிக மெல்லிய சாய்வுடன் ஓர் ஓடை வெட்டி, அதில் புல் வளர்த்து, அந்த நீரை இயற்கையான ஓடையிலோ பாறையிலோ கொண்டுபோய் விடுங்கள். அடுத்தவர் விளைக்குள் திருப்பாதீர்கள். ரப்பர்த் தோட்டங்களில் மரங்களுக்கிடையே குழி வெட்டி நீரைத் தேக்குவதைப் பார்த்து நீங்களும் வெட்ட நினைக்கலாம். நிலம் முன்பு சரிந்த இடத்திலும், விரிசல் தெரியும் இடத்திலும், வீட்டுக்கு மேற்புறச் சரிவிலும் அப்படி நீரைத் தேக்குவது உயிருக்கே ஆபத்து.

இவ்வளவையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. இந்த நடவுக்கு முன் மட்டக்கோடும், மேலே இரண்டு வெட்டிவேர் வரிசைகளும், பயறும் போதும். மற்றவை அடுத்தடுத்த ஆண்டுகளில் வரட்டும். அதற்கிடையே மேல்பகுதி மண்ணையும் கீழ்ப்பகுதி மண்ணையும் தனித்தனியாக எடுத்துத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பரிசோதனைக்குக் கொடுங்கள். நம் மலையோர மண் பெரும்பாலும் புளிப்பானது என்றாலும், சுண்ணாம்பு எவ்வளவு இட வேண்டும் என்பதை அந்த முடிவு வந்த பிறகே தீர்மானியுங்கள்.