தொட்டதில் ஆபத்தில்லை, கொதிக்க வைப்பதில்தான்

கேள்வி: என் கடல்நீர் மீன் தொட்டியில் ஜோவா, பாலி (பாலிதோவா) எனப்படும் ஜோவாந்திட் வகைப் பவளங்கள் இருக்கின்றன. எட்டு நாள் முன்பு சரிந்த கல் ஒன்றை வெறுங்கையால் எடுத்து வைத்தேன். பிறகுதான் இவற்றில் உயிரைக் கொல்லும் நஞ்சு இருப்பதாக இணையத்தில் படித்தேன். அன்றிலிருந்து விரல் நுனி மதமதக்கிறது, தூக்கமில்லை, முடி கொட்டுகிறது. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி மூன்று நாளாகச் சாப்பிடுகிறேன். தொட்டி இருக்கும் அறையில்தான் என் இரண்டு குழந்தைகளும் தூங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பாலி ஒட்டிய கல்லை எடுத்துக் கொதிநீரில் போட்டு அழித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

பதில்: அந்தக் கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே ஆபத்தான வரி அது ஒன்றுதான்.

எட்டு நாள் முன்பு தொட்டது இன்று உங்களை ஒன்றும் செய்யப் போவதில்லை. இந்த நஞ்சு, பாலிடாக்சின், வேலை காட்டுவதென்றால் நிமிடங்களிலோ மணிக்கணக்கிலோ காட்டிவிடும். கையில் வெட்டோ கீறலோ இருந்து அதன் வழியே போயிருந்தால், அன்றே அந்த இடம் சிவந்து வீங்கியிருக்கும், வாயைச் சுற்றி மரத்திருக்கும், உடம்பு தளர்ந்திருக்கும். அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை. முடி கொட்டுவதற்கும் பவளத்துக்கும் சம்பந்தமில்லை. தூக்கம் போனது இரவு முழுக்க அலைபேசியில் இதையே தேடிப் படித்ததால். மதமதப்பு இன்னும் இரண்டு வாரம் இருந்தால் நேரில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள், சர்க்கரையும் பார்க்கட்டும். ஆன்டிபயாடிக்கை இன்றே நிறுத்துங்கள். நஞ்சுக்கு அது மருந்தே அல்ல, கிருமித் தொற்றும் உங்களுக்கு இல்லை.

நீங்கள் உள்ளுக்குள் பயப்படுவது குழந்தைகளைப் பற்றி என்று புரிகிறது. பாலிடாக்சின் மிகப் பெரிய மூலக்கூறு, தானாக ஆவியாகிக் காற்றில் கலக்காது. பவளத்தின் சதையிலும் அதன் கோழையிலும்தான் இருக்கும். ஆரோக்கியமாக விரிந்து நிற்கும் பவளத்தை யாரும் சீண்டாதவரை, அந்த அறையில் தூங்குவதால் ஆபத்தில்லை. காற்றுக்கு வர அதற்கு ஒரு வாகனம் வேண்டும்: கொதிநீரின் ஆவி, பிரஷ் தேய்க்கும்போது தெறிக்கும் துளி, அழுத்த நீர்ப் பீச்சு, கல்லை அறுக்கும் சுழல் கருவி. வெப்பத்தால் இந்த நஞ்சு சிதையாது. அடுப்பில் வைத்தால் கல்லில் இருந்த நஞ்சு நுண்துளிகளோடு கிளம்பி வீடெங்கும் பரவும். கொதிநீரை மேலே ஊற்றினாலும் மைக்ரோவேவில் வைத்தாலும் அதே கதைதான். இதுவரை வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்களில் பலர் இப்படித்தான் போனார்கள். கொதிக்க வைக்காமலும் நடக்கும்: 2014-இல் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் ஒருவர் தொட்டியில் புதிதாக ஜோவா வகைப் பவளம் சேர்த்த சில மணி நேரத்தில் காய்ச்சலும் கசப்பான உலோகச் சுவையும் இருமலும் வந்தன. அதே வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் வந்தது.

நீங்கள் மனதில் வைக்க வேண்டிய அறிகுறி இதுதான். தொட்டியில் கை வைத்த சில மணி நேரத்துக்குள், பெரும்பாலும் அன்றிரவே, வாயில் கசப்பாக ஓர் உலோகச் சுவை, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குவது, உடம்பு வலி. பார்க்க சாதாரண ஃப்ளூ போலவே இருக்கும், அதனால்தான் பலர் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு அதே அறையில் படுத்துவிடுகிறார்கள். ஃப்ளூ ஒரே இரவில் வீட்டில் எல்லோரையும் சேர்த்துப் பிடிப்பதில்லை. இரண்டு பேருக்கு ஒன்றாக வந்தாலோ, நாய் பூனை துவண்டாலோ யோசிக்க வேண்டாம். எல்லோரும் வீட்டைவிட்டு வெளியே வாருங்கள், அவசரப் பிரிவுக்குப் போங்கள், “தொட்டியில் ஜோவாந்திட் பவளத்தைக் கையாண்டோம், பாலிடாக்சினாக இருக்கலாம்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அங்கிருப்பவர் இந்தப் பெயரைக் கேள்விப்படாமல் இருக்கலாம், நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

அங்கே ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், தசை சேதத்தைக் காட்டும் சிகே மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குக் காரணம் உண்டு. நம் செல் ஒவ்வொன்றிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாலிடாக்சின் அதில் ஒட்டிக்கொண்டு, மூடவே முடியாத கதவாக அதை மாற்றிவிடுகிறது. பொட்டாசியம் வெளியே கசிந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். தசை செல்கள் உடைந்தால் அதன் சிவப்புப் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும், சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். சிகே மெதுவாக ஏறும் என்பதால் முதல் பரிசோதனை சரியாக இருந்தது என்று உடனே கிளம்பிவிடக் கூடாது, சில மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மாற்று மருந்து கிடையாது. ஆக்சிஜன், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, நரம்பு வழித் திரவம் என்று உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை.

கண்ணில் தெறித்தால் அது தனி அவசரம். அழுத்தினாலோ வெட்டினாலோ பாலிப் (பவளத்தில் பூப்போல விரியும் ஒவ்வொரு தனி உயிரும்) சட்டென்று நீரைப் பீச்சியடிக்கும், அது கண்ணுக்கே வரும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, ஓடும் குழாய் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். கருவிழி புண்ணாகி ஓட்டை விழும் அளவுக்குப் போகக்கூடியது இது. வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடாதீர்கள்.

இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை. குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் வீட்டில் இல்லாத நேரம் பாருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், ஏசி வேண்டாம். அலை பம்பையும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் நிறுத்துங்கள், பாலிப்கள் சுருங்கி மூடட்டும். முழங்கை எட்டும் கையுறை, அதற்குள் ஒரு ஜோடி நைட்ரைல் கையுறை, பக்கவாட்டிலும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு என்95 முகக்கவசம். மூக்குக் கண்ணாடி போதாது. கல்லைத் தண்ணீருக்குள் வைத்தே ஒரு டப்பாவில் ஏற்றி, மூடியோடு வெளியே கொண்டு போங்கள். சுரண்டவோ உடைக்கவோ பாலிப்பை மட்டும் பிய்த்தெடுக்கவோ முயல வேண்டாம், முழுக் கல்லும் போகட்டும்.

திறந்த வெளியில், 5 முதல் 6 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. அப்போதே கலந்தது வேண்டும், போன மாதம் கலந்து வைத்தது வீரியம் இழந்திருக்கும். கல் மூழ்கும்படி மெதுவாக ஊற்றிக் குறைந்தது 30 நிமிடம் விடுங்கள். கையுறை, துடைத்த தாள், டப்பா எல்லாம் அதிலேயே ஊறட்டும், பிறகு கல்லைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பாறை கழுவ வினிகர் வைத்திருப்பீர்கள், அது இந்த வாளிப் பக்கம் வரவே கூடாது. ப்ளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு. வெயிலில் காய்ந்து செத்த பாலிப்பிலும் நஞ்சு அப்படியே இருக்கும், அதனால் “காயட்டும், அப்புறம் சுரண்டலாம்” என்ற யோசனையும் வேண்டாம். உள்ளே வந்ததும் தொட்டியில் புது ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். குழாயை வாயால் உறிஞ்சி நீரிறக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

மிச்சப் பவளங்களை எறிய வேண்டியதில்லை. நிறத்தையும் கடைப் பெயரையும் பார்த்து நஞ்சு உள்ளதா என்று சொல்ல முடியாது. தோலுக்குள் மணல் துகள் பதிந்திருக்கும் பழுப்பு, பச்சை நிறப் பெரிய பாலிப்கள் பாலிதோவா, அவற்றில்தான் சந்தேகம் அதிகம். மற்றவற்றையும் அதே மரியாதையோடு கையாளுங்கள். கையில் வெட்டு இருக்கும் நாளில் தொட்டிக்குள் கை விட வேண்டாம். அப்படி விட்டு இரண்டு, மூன்று வாரம் கழித்து அந்த இடத்தில் வலியில்லாத கட்டி ஒன்று எழும்பி ஆறாமல் நின்றால், அது பாலிடாக்சின் அல்ல, தொட்டி நீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் என்ற கிருமியாக இருக்கலாம். கடையில் வாங்கும் வழக்கமான ஆன்டிபயாடிக் அதற்குப் பெரும்பாலும் கேட்காது. தோல் மருத்துவரிடம் காட்டும்போது வீட்டில் மீன் தொட்டி இருப்பதைச் சொல்லுங்கள்.