வளவுக் கேள்வி – பதில்

கேள்வி: எங்களிடம் இரண்டு பரப்பு வெறும் வளவு இருக்கிறது. செம்மண்தான், ஆனால் சில இடத்தில் ஒன்றரை அடியிலேயே கல். பிள்ளைகளோடு சேர்ந்து உணவுக்காடு உண்டாக்க விருப்பம். எதை எங்கே வைப்பது?
– வாசகி, உரும்பிராய்

இரண்டு பரப்பு ஏறக்குறைய 5,400 சதுர அடி. அதற்குப் பெருமரம் நாலு போதும்: ஒட்டு மா ஒன்று, பலா ஒன்று, தென்னை இரண்டு. ஆசைக்குப் பத்துப் பன்னிரண்டு வைத்தவர்களின் வளவில் சில வருஷத்திலேயே கறிவேப்பிலைகூட வெளிச்சம் தேடி நூலாக நிற்கும். தென்னைக்குத் தென்னை 26 அடி விடுங்கள்.

மாரியில் வெயில் தெற்கே சாய்ந்து விழும். நாங்கள் மரக்கறி போடுவதும் அப்போதுதான். ஆகவே உயரமானவை வடக்கு எல்லைக்குப் போகட்டும். தென்மேற்கு வேலியில் பூவரசும் சீமைக்கிளுவையும் நெருக்கமாக நடுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வாழையிலையைக் கிழிக்காது, வெட்டும் குழை பசளைக்கும் ஆகும். இடையில் தேசி, மாதுளை, கொய்யா 12 அடிக்கு ஒன்று. வாழையும் வல்லாரையும் கிணற்றடிக்கு. சலவைத்தூள் தண்ணியை மட்டும் அந்தப் பக்கம் விடாதீர்கள். இராசவள்ளிக் கொடிக்குத் தனிக் கம்பு நடுங்கள். இளம் மாங்கன்றில் ஏறவிட்டால் கன்று அமுங்கிப்போகும்.

குழியைப் புரட்டாதியிலேயே வெட்டுங்கள்: மூன்றடி நீளம், அகலம், ஆழம். கல் வந்தால் அலவாங்கால் உடைத்து வெளியே எடுத்துவிடுங்கள். மேல்மண் மூன்று பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, நடுவில் பூவரசங்குழை. நிரப்பி இரண்டு கிழமை இறங்கவிட்டு, முதல் மழை நனைத்தபின் கன்றை வையுங்கள். தை, மாசியில் நட்டால் வேர் ஓடுமுன்பே கோடை பிடித்துவிடும். பப்பாசிக்குக் குழியே வேண்டாம். ஒன்றரை அடி மண்மேடு கட்டி நடுங்கள். கார்த்திகை வெள்ளம் அடியில் இரண்டு நாள் நின்றாலே வேர் அழுகும்.

கன்றைச் சுற்றிச் சருகு மூடாக்கு ஆறு அங்குலம் போடலாம், ஆனால் தண்டிலிருந்து அரையடி தள்ளி. ஒட்டிப் போட்டால் கறையான் நேரே பட்டைக்கு ஏறும். எருக்கும்பியை மாதமொருமுறை கிளறி வெள்ளைப் புழுக்களைப் பொறுக்குங்கள். அவை வண்டானால் தென்னங்குருத்துக்குத்தான் போகும். யூரியா வேண்டாம். சுண்ணக்கல்லினூடாக அது உங்கள் கிணற்றுக்கே இறங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: தேசிக்கன்றின் இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. எரு போட்டும் மாறவில்லை.
– வாசகர், சுன்னாகம்

மஞ்சளாவது கொழுந்தா, முற்றிய இலையா? முற்றியதென்றால் மகனீசியக் குறைவு. கொழுந்தென்றால் இரும்புக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதை வேருக்கு விடாது. குழி வெட்டும்போது உடைந்த வெள்ளைக் கல்தூளை மண்ணோடு திரும்பப் போட்டிருப்பீர்கள். அநேகமாக அதுதான் வினை. இரும்புச் சல்பேற்றை நிலத்தில் கொட்டுவது வீண்காசு. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, பின்னேரம் கொழுந்தில் தெளியுங்கள். இரண்டு கிழமை இடைவெளியில் மூன்று முறை. முன்பே மஞ்சளான இலை முழுதாகத் தேறாது, புதுத் துளிரைப் பாருங்கள்.

கேள்வி: அயலவர்களோடு கன்றும் கிழங்கும் மாற்றிக்கொள்கிறோம். பிள்ளைகளுக்கு இலை அடையாளம் பழக்குவது எப்படி?
– வாசகி, அளவெட்டி

கொடுக்கும்போதே பெயர், நட்ட மாதம், உண்ணும் பகுதி மூன்றையும் தகரத் துண்டில் ஆணியால் கீறிக் கட்டிவிடுங்கள். பேனா மை ஒரு மாரிக்கும் நில்லாது. முசுட்டை, முல்லை, குறிஞ்சா, தூதுவளை என்று கிழமைக்கு ஒன்றாக, பறித்துச் சமைத்தே பழக்குங்கள்.

கிழங்கில்தான் ஆபத்து. கார்த்திகைப்பூக் கிழங்கை வள்ளிக்கிழங்கென்று அவித்துத் தின்று இறந்தவர்கள் இலங்கையில் உண்டு. அதன் இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பியாக நீளும், வள்ளியில் அப்படி இல்லை. கொடி காய்ந்தபின் இந்த அடையாளம் கிடைக்காது. ஆகவே இலையோடு பார்க்காத கிழங்கை வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.